ஊருக்கு ஒரு பொது வண்டி: திட்டமிடுவதற்கும் பணம் திரட்டுவதற்கும் படிப்படியான வழிகாட்டி

பஸ் வராத, வந்தாலும் நாளைக்கு ஒரு நடை மட்டும் வந்துபோகிற ஊர்களில், நாமே ஒரு பொது வண்டி ஓட்டலாம் என்று பேச்சு எழுந்தால் முதல் கூட்டத்திலேயே "என்ன வண்டி வாங்கலாம்?" என்ற கேள்வி வந்துவிடும். இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்வி ஒன்பதாவது படியில்தான் வருகிறது. வண்டி வாங்கப் பணம் ஒரு முறை கிடைத்தால் போதும். ஓட்டுவதற்கு ஒவ்வொரு மாதமும் பணம் வேண்டும். முதலில் வண்டியை வாங்கிவிட்டு, தடம், நேரம், டிரைவர் சம்பளம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று இறங்கிய குழுக்கள் இரண்டாம் வருட இன்சூரன்ஸ் கட்டும்போது திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவது நல்லது. ஒரு படியில் கிடைக்கும் எண்தான் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்தாறு பேர் போதும். ஆனால் யார் என்பது முக்கியம். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர், வண்டி பராமரிப்பு தெரிந்த ஒருவர், ஒவ்வொரு குக்கிராமத்திலும் வீடு வீடாகப் பழக்கம் உள்ள ஒருவர் வேண்டும். இவர்களோடு, சொந்த வண்டி இல்லாத இரண்டு பேராவது குழுவில் உட்கார வேண்டும். பெரும்பாலான குழுக்களில் விட்டுப்போவது இந்தக் கடைசி ஆட்கள்தான். சொந்தமாக பைக்கோ காரோ வைத்திருப்பவர்கள் மட்டும் கூடிப் போடும் அட்டவணை, வண்டியை நம்பி இருப்பவர்களின் நாளோடு பொருந்துவதில்லை. கூட்டத்தையும் அவர்கள் நடந்து வரக்கூடிய இடத்தில், பகல் நேரத்தில் வையுங்கள்.

அடுத்து ஒரு வரைபடம். கைபேசி காட்டும் தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு வண்டியில் போய், மீட்டரைப் பார்த்து, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் எந்தப் பாலம் மூழ்கும், எந்த வளைவில் பெரிய வண்டி திரும்பாது என்பதையும் அதிலேயே குறியுங்கள்.

மூன்றாவதாக, மக்கள் போய்ச் சேர வேண்டிய இடங்களின் நேரங்கள்: மருத்துவமனையில் வெளிநோயாளிகளைப் பார்க்கும் நேரம், பள்ளி மணி, சந்தை நாள், வங்கி, அரசு அலுவலகம், ரயில் நேரம். இதை ஒரே தாளில் எழுதுங்கள். ஐந்தாவது படியில் இந்தத் தாள் இல்லாமல் எதுவும் நகராது.

2. ஆளை எண்ணாதீர்கள், பயணத்தை எண்ணுங்கள்

"வண்டி விட்டால் வருவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் வருவேன் என்பார்கள். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கேட்க வேண்டியது போன வாரம் நடந்ததை. எங்கே போனீர்கள், எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டியிருந்தது, எதில் போனீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எப்படித் திரும்பினீர்கள்?

அப்புறம் ஒரு கேள்வி: போக வேண்டியிருந்தும் போகாமல் விட்டது எது? கண் பரிசோதனையைத் தள்ளிப்போட்டது, தையல் வகுப்பை நிறுத்தியது, தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகாதது எல்லாம் இங்கேதான் வெளியே வரும். நிதி கேட்கும்போது இந்தப் பதில்கள்தான் உங்களுக்காகப் பேசும். ஏற்கெனவே நடக்கிற பயணங்கள் வேறு வண்டிக்கு மாறுவதைவிட, நடக்காமல் போன பயணங்கள் நடக்க ஆரம்பிப்பதற்குத்தான் பொதுப் பணம் கேட்க நியாயம் அதிகம்.

திரும்பி வரும் பயணத்தைத் தனியாகக் கேளுங்கள். காலையில் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போகும் முதியவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருப்பார்கள். அது திட்டமான நேரம். ரத்தம் எடுத்து, முடிவு வந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வருவது பதினொன்றா, இரண்டா என்று யாருக்கும் தெரியாது. கணக்கெடுப்புத் தாளில் "போகும் நேரம்" என்று ஒரே கட்டம் மட்டும் இருந்தால் இந்தச் சிக்கல் கண்ணில் படாது. வண்டி காலையில் நிறைந்து போகும், மதியம் காலியாகத் திரும்பும். அவரோ ஊர் திரும்ப வாடகை ஆட்டோ பிடிப்பார். அடுத்த வாரம் காலையிலும் உங்கள் வண்டிக்கு வரமாட்டார், ஏனென்றால் திரும்பி வர வழி தெரியாத பயணத்தை யாரும் தொடங்குவதில்லை.

எல்லா வீடுகளுக்கும் போக முடியாவிட்டால் பரவாயில்லை. தார்ச்சாலையிலிருந்து தள்ளி இருக்கும் வீடுகள், தனியாக வாழும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகள், மேல்நிலை வகுப்புக்கு வெளியூர் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள், இவற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

3. ஏற்கெனவே ஓடும் வண்டிகளைப் பட்டியலிடுங்கள்

ஊரில் வண்டியே இல்லை என்பது பெரும்பாலும் முழு உண்மை அல்ல. பள்ளி வேன் காலையில் காலியாக வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகிறது, பகலெல்லாம் நிற்கிறது. தொழிற்சாலைப் பஸ் ஷிஃப்ட் மாறும்போது மட்டும் ஓடுகிறது. முதியோர் இல்லத்தில் ஒரு வேன் இருக்கிறது, பால் வண்டி வருகிறது, ஷேர் ஆட்டோக்கள் வருகின்றன.

ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியது: எந்த நேரத்தில் சும்மா நிற்கிறது, எத்தனை இருக்கை, யார் முடிவெடுக்க வேண்டும். சில ஊர்களில் இந்தப் பட்டியலோடு வேலையே முடிந்துவிடும். பள்ளி வேனைப் பகல் பத்து முதல் இரண்டு மணி வரை வாடகைக்கு எடுத்தால் மருத்துவமனை நடையும் சந்தை நடையும் தேறிவிடும். ஆனால் அந்த வண்டியின் அனுமதியும் இன்சூரன்ஸும் பொதுமக்களை ஏற்ற இடம் கொடுக்கிறதா என்று ஆறாவது படியில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஷேர் ஆட்டோக்காரர்களையும் வாடகை கார்க்காரர்களையும் முதலிலேயே சந்தித்துப் பேசுங்கள். அவர்கள் ஓட்டாத நேரம், அவர்கள் வர மறுக்கும் தடம் எது என்று கேட்டு அங்கே நீங்கள் ஓட்டினால் பகை இல்லை. அவர்களுடைய நல்ல நேரத்தில் மானியப் பணத்தோடு போய் நின்றால், அவர்கள் தொழில் கெட்டு, இரவு அவசரத்துக்குக் கூப்பிட ஊரில் ஆளே இல்லாமல் போய்விடும்.

4. எந்த வகைச் சேவை என்று முடிவெடுங்கள்

நடைமுறையில் நான்கு வகை இருக்கின்றன.

நிலையான தடம்: குறித்த நேரம், குறித்த நிறுத்தம். ஒரே நேரத்தில், ஒரே திசையில் பலர் போகும் இடத்துக்கு இது சரி. பள்ளி, சந்தை, காலை ரயில் எல்லாம் இதில் அடங்கும்.

வளைந்துகொடுக்கும் தடம்: பிரதான பாதையில் நேரம் தவறாமல் ஓடும், முன்கூட்டிச் சொன்னால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே போய் ஏற்றிவரும். சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்கு என் பரிந்துரை பெரும்பாலும் இதுதான். ஆனால் அட்டவணை போடும்போதே அந்த உள்ளோட்டத்துக்கு நேரம் ஒதுக்காவிட்டால் பிரதான பாதையில் நிற்பவர்கள் தினமும் காத்துக் கிடப்பார்கள்.

முன்பதிவு வண்டி: அழைத்தால் வீட்டு வாசலுக்கு வரும். நடக்க முடியாதவர்களுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. கிராமப்புறத்தில் இந்த முறையில் மணிக்கு 2 முதல் 4 பேரை ஏற்றுவதே வழக்கமான அளவு. அதற்குமேல் கணக்குப் போட்டு பட்ஜெட் எழுதாதீர்கள்.

தன்னார்வ டிரைவர் முறை: ஊரில் உள்ளவர்கள் தங்கள் சொந்தக் காரில் அழைத்துப்போவார்கள், எரிபொருள் செலவை அமைப்பு திருப்பிக் கொடுக்கும். முதலீடு மிகக் குறைவு, நாளைக்கு ஓரிரு பயணம் மட்டும் இருக்கும் ஊருக்குப் பொருந்தும். ஜெர்மனியில் ஊர்மக்களே சங்கம் அமைத்து, தன்னார்வலர்கள் மாறி மாறி ஓட்டும் சிறு பஸ்கள் இருக்கின்றன. 'பூர்கர்பஸ்' என்று பெயர். அவற்றில் பெரும்பாலும் 8 பயணிகள்தான் ஏறலாம். ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமம் டிரைவரோடு சேர்த்து 9 இருக்கை வரைதான் ஓட்ட இடம் கொடுக்கிறது என்பது இதற்குக் காரணம். பத்தாவது இருக்கை வந்தால் பஸ் வகைக்கான தனி உரிமம் வேண்டும், தன்னார்வலர் கிடைப்பது கடினமாகிவிடும். வண்டியின் அளவைச் சாலை மட்டுமல்ல, உங்களிடம் இருக்கும் ஆட்களின் உரிமமும் தீர்மானிக்கிறது.

ஒரே வண்டி காலையில் நிலையான தடமாகவும், பகலில் முன்பதிவு வண்டியாகவும் ஓடலாம். ஆனால் தொடங்கும்போது ஒரு வகையோடு நில்லுங்கள். மக்களுக்கு முதலில் பழக வேண்டியது நேரம்.

5. அட்டவணையை நிமிடக் கணக்கில் போடுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆகவே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

ஊரிலிருந்து நகரம் 16 கிலோமீட்டர். கிராமச் சாலையில் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் ஓட்டத்துக்கு மட்டும் ஏறக்குறைய 40 நிமிடம். போக வர 80 நிமிடம், டிரைவருக்கு 8 மணி நேர வேலை, ஆகவே நாளைக்கு 6 நடை என்று எழுதிவிடுகிறார்கள்.

உண்மையில் நடப்பது வேறு. ஐந்து நிறுத்தம், நிறுத்தத்துக்கு 2 நிமிடம் என்றால் 10 நிமிடம் கூடும். ஆக, ஒரு வழிக்கு 50 நிமிடம். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி, தாமதத்தைச் சரிக்கட்ட 10 நிமிடம். திரும்பி வர 50, இங்கே மறுபடி 10. போக வர 120 நிமிடம். 8 மணி நேரத்தில் டிரைவரின் சாப்பாட்டு இடைவேளைக்கு அரை மணி, காலையில் வண்டியைச் சோதிக்கவும் மாலையில் துடைத்துக் கணக்கு ஒப்படைக்கவும் அரை மணி போனால் மீதி 7 மணி. அதில் 3 நடைதான் அடங்கும். ஒரு மணி நேரம் மிஞ்சும். அதை எரிபொருள் நிரப்பவும் எதிர்பாராத தாமதத்துக்கும் விட்டுவிடுங்கள்.

ஆறு நடை என்று அறிவித்துவிட்டு மூன்று ஓட்டுவதும், முதலிலேயே மூன்று என்று சொல்லி மூன்றையும் நேரத்துக்கு ஓட்டுவதும் ஒன்றல்ல. முதல் வகையில் ஒரு மாதத்துக்குள் மக்கள் நம்பிக்கை போய்விடும், அதை மீட்பது புதிதாகத் தொடங்குவதைவிடக் கஷ்டம்.

நிறுத்தத்துக்கு 2 நிமிடம் என்பதும் ஆளைப் பொறுத்தது. கைத்தடியோடு வரும் ஒருவர் ஏறி உட்கார்ந்து வண்டி நகர 3 நிமிடம் ஆகலாம். சக்கர நாற்காலியோடு வருபவருக்குச் சாய்தளத்தை இறக்கி, ஏற்றி, நாற்காலியை நான்கு மூலையிலும் பட்டையால் தரையோடு கட்டி, அப்புறம் அவருக்குத் தனியாகப் பெல்ட் போட வேண்டும். பழகிய டிரைவருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இந்த நேரத்தை அட்டவணையில் சேர்க்காவிட்டால் டிரைவர் அவசரப்படுவார், கட்டு தளர்ந்திருக்கும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நேரத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். மருத்துவமனைச் சீட்டு 9 மணிக்கு என்றால் வண்டி 8.40-க்கு அங்கே நிற்க வேண்டும், ஊரில் 7.50-க்குக் கிளம்ப வேண்டும். வண்டி கிளம்ப வசதியான நேரத்தை வைத்துத் தொடங்கினால் மக்கள் போய்ச் சேரும் நேரம் தவறிவிடும்.

கடைசியாக, வண்டி இரவில் எங்கே நிற்கும்? நகரத்தில் நின்றால் காலை முதல் நடைக்கு 16 கிலோமீட்டர் காலியாக வர வேண்டும், இரவு 16 காலியாகத் திரும்ப வேண்டும். நாளைக்கு 32 கிலோமீட்டர் வெற்று ஓட்டம். மூன்று நடைக்கு ஓடுவதே 96 கிலோமீட்டர்தான். அதாவது எரிபொருள் செலவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். டிரைவர் உள்ளூர்க்காரராக இருந்து வண்டி ஊரிலேயே பாதுகாப்பாக நின்றால் இந்தச் செலவு மொத்தமாக மிச்சம்.

6. அனுமதி, இன்சூரன்ஸ், அமைப்பு

பணம் தேடும் முன் இதை முடிக்க வேண்டும். சட்டப்பூர்வமான அமைப்பு இல்லாமல் மானியம் வாங்க முடியாது. அனுமதி எந்த வகை என்று தெரியாமல் செலவுக் கணக்கும் போட முடியாது.

ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. ஆனால் அதிகாரிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கட்டணம் வாங்குகிறீர்களா? யார் வேண்டுமானாலும் ஏறலாமா, உறுப்பினர்கள் மட்டுமா? லாபம் உண்டா?

இரண்டு உதாரணங்கள் பார்க்கலாம். பிரிட்டனின் 1985 போக்குவரத்துச் சட்டம் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு இரண்டு வகை அனுமதி தருகிறது. 19-ஆம் பிரிவில் குறிப்பிட்ட பிரிவினரை மட்டும் ஏற்றலாம், பொதுமக்களை ஏற்றக் கூடாது. 22-ஆம் பிரிவில் பொதுமக்களை ஏற்றிச் சமூகப் பஸ்ஸாக ஓட்டலாம். இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒப்பந்த ஊர்தி (முழு வண்டியையும் ஒரே ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுவது) என்ற அனுமதி வைத்துக்கொண்டு, வழியில் கை காட்டுபவர்களை எல்லாம் ஏற்றித் தனித்தனியாகக் கட்டணம் வாங்க முடியாது. அதற்கு வேறு வகை அனுமதி இருக்கிறது. பல குழுக்கள் ஒப்பந்த ஊர்தி அனுமதியை வாங்கிவிட்டு, வழியில் ஆள் ஏற்றித் தனித்தனியாகக் கட்டணம் வாங்குகின்றன. விபத்து நடக்கும் வரை ஒன்றும் தெரியாது. நடந்த பிறகு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

ஆகவே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும்போது வாயால் கேட்காதீர்கள். யாரை, எங்கிருந்து எங்கே, என்ன கட்டணத்தில் ஏற்றப்போகிறோம் என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுத்து, எந்த அனுமதி வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அதே அரைப்பக்கத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் கொடுங்கள். தன்னார்வலரின் சொந்தக் கார் என்றால் அவரும் தன் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். திருப்பிக் கொடுக்கும் தொகை உண்மையான ஓட்டச் செலவைத் தாண்டினால் அது வாடகைத் தொழிலாகக் கருதப்பட வாய்ப்பு உண்டு.

புதிதாகச் சங்கம் பதிவது ஒன்றே வழி அல்ல. ஊரில் ஏற்கெனவே ஒழுங்காகக் கணக்குத் தணிக்கை செய்யும் கூட்டுறவுச் சங்கமோ அறக்கட்டளையோ இருந்தால் முதல் இரண்டு வருடம் அதன் கீழ் ஓட்டலாம். மானியம் தருபவர்கள் கடந்த வருடக் கணக்கைக் கேட்பார்கள், நேற்றுப் பிறந்த அமைப்பிடம் அது இருக்காது. வங்கிக் கணக்கு மட்டும் இந்த வண்டிக்கென்று தனியாக, இரண்டு பேர் கையெழுத்தோடு இருக்கட்டும்.

7. செலவை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்

எல்லாச் செலவையும் ஒரே பட்டியலில் எழுதினால் எந்த முடிவும் எடுக்க முடியாது. வண்டி நின்றாலும் வரும் செலவு, மணிக்கணக்கில் வரும் செலவு, கிலோமீட்டர் கணக்கில் வரும் செலவு என்று பிரியுங்கள்.

முதல் வகையில் இன்சூரன்ஸ், வரி, அனுமதிக் கட்டணம், வருடாந்தரத் தகுதிச் சோதனை, கணக்குத் தணிக்கை, தொலைபேசி, அடுத்த வண்டிக்கான சேமிப்பு வரும். இரண்டாவதில் டிரைவர் சம்பளம், மாற்று டிரைவர் கூலி, பதிவு எடுப்பவரின் சம்பளம். மூன்றாவதில் எரிபொருள், டயர், ஆயில், பிரேக், பழுது.

மேலே போட்ட உதாரணத்தில் வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 28,800 கிலோமீட்டர், 2,400 வண்டி மணி நேரம். உங்கள் ஊர் விலைகளை இந்த இரண்டு எண்களோடு பெருக்கி, முதல் வகைச் செலவைக் கூட்டினால் வருடச் செலவு கிடைக்கும்.

இப்படிப் பிரிப்பதன் பலன் சீக்கிரமே தெரியும். ஞாயிறு ஒரு நடை கூடுதலாக விடச் சொல்கிறார்கள் என்றால் கூடுவது இரண்டாம், மூன்றாம் வகைச் செலவு மட்டுமே, இன்சூரன்ஸ் ஏற்கெனவே கட்டியாயிற்று. ஒரு நடையை நிறுத்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதும் தெரியும், அது பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

விட்டுப்போகும் செலவுகள் நான்கு. டிரைவருக்கு விடுப்பு உண்டு, நோய் வரும், அந்த நாட்களில் ஓட்ட இன்னொருவருக்குக் கூலி வேண்டும். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு மாற்று வண்டி வாடகை வேண்டும். தொலைபேசியில் பதிவு எடுப்பது ஒரு முழு வேலை, அதை யாரோ சும்மா செய்வார்கள் என்று வைத்தால் ஆறு மாதத்தில் அவர் களைத்துப்போவார். நான்காவது வண்டியின் தேய்மானம். வண்டி 8 வருடம் உழைக்கும் என்றால், அதன் விலையில் எட்டில் ஒரு பங்கை முதல் வருடத்திலிருந்தே தனிக் கணக்கில் போட வேண்டும். தானமாக வந்த வண்டிக்கும் இது பொருந்தும்: தானம் செய்தவர் எட்டு வருடம் கழித்து மறுபடி வருவார் என்று எந்த உறுதியும் இல்லை.

வரவில் ஒரு எச்சரிக்கை. காலையில் ஊரிலிருந்து 12 இருக்கையும் நிறையும், அதே வண்டி திரும்பும்போது இரண்டு பேர் இருப்பார்கள். எல்லாத் திசையும் நிறையும் என்று கட்டண வரவை எழுதாதீர்கள். மொத்த இருக்கையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் போதும் என்று பட்ஜெட் நிற்கிறதா பாருங்கள். நின்றால் தைரியமாக மேலே போகலாம்.

8. பணம்: முதலில் ஓட்டச் செலவு, பிறகு வண்டி விலை

கட்டணம் மட்டும் வைத்து கிராமப்புற வண்டி தன் செலவை ஈட்டுவது அரிது. அப்படி ஈட்ட முடிந்திருந்தால் தனியார் யாராவது ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வருடச் செலவில் கட்டணத்தைக் கழித்தால் மிஞ்சும் பற்றாக்குறைதான் நீங்கள் திரட்ட வேண்டிய தொகை. எந்தக் கடிதத்திலும் அந்த எண்தான் முதலில் இருக்க வேண்டும்.

வண்டி வாங்கப் பணம் கிடைப்பது ஒப்பீட்டளவில் சுலபம். கொடுப்பவர் பெயரை வண்டியின் பக்கவாட்டில் எழுதலாம், சாவி கொடுக்கும் படம் எடுக்கலாம். டயருக்கும் சம்பளத்துக்கும் அப்படி ஒன்றும் இல்லை. அரசுத் திட்டங்களிலும் இந்தச் சாய்வு உண்டு. அமெரிக்காவில் 50,000-க்குக் குறைவான மக்கள் வாழும் பகுதிகளுக்கான மத்திய அரசின் கிராமப் போக்குவரத்து உதவி, வண்டி போன்ற முதலீட்டுக்கு 80 சதவீதம் வரை தருகிறது. ஓட்டுவதில் வரும் பற்றாக்குறைக்கு 50 சதவீதம் வரைதான். மீதியை உள்ளூரில் தேட வேண்டும்.

இதை மாற்றி யோசித்த ஒரு ஏற்பாடு கேரளத்தின் 'கிராமவண்டி'. 2022-இல் தொடங்கியது. பஸ்ஸும் ஊழியர் சம்பளமும் பராமரிப்பும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு, டீசல் செலவு உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு, தடத்தையும் நேரத்தையும் சொல்வதில் உள்ளாட்சிக்குப் பங்கு உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, சின்ன அமைப்பு தன்னால் தாங்கக்கூடிய, மாதாமாதம் அளந்துவிடக்கூடிய ஒரே செலவை மட்டும் ஏற்றுக்கொண்டது. உங்கள் பகுதியில் பெரிய போக்குவரத்து நிறுவனம் இருந்தால் சொந்த வண்டிக்கு முன் இப்படி ஒரு பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.

பணம் வரும் வழிகளை இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் ஒப்பந்த வரவு. பள்ளி நிர்வாகம், மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு மையம், தொழிற்சாலை இவற்றுக்கு ஏற்கெனவே ஆட்களைக் கொண்டுவரும் செலவு இருக்கிறது. மாதத்துக்கு இத்தனை நடை, இத்தனை தொகை என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டால் அது நன்கொடையைவிட நம்பகமானது. விலை சொல்லும்போது எரிபொருளை மட்டும் கணக்கில் எடுக்காமல் மூன்று வகைச் செலவிலும் அவர்கள் பங்கைச் சேருங்கள். இல்லாவிட்டால் ஊர்ப்பணம் அந்த நிறுவனத்துக்கு மானியமாகப் போகும்.

அடுத்து உள்ளாட்சி நிதி. அவர்களுடைய பட்ஜெட் எந்த மாதத்தில் எழுதப்படுகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே போங்கள். பட்ஜெட் முடிந்த பிறகு போனால் நல்ல திட்டமானாலும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள், அவர்களால் வேறு ஒன்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது மானியம். விதிமுறைகளில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: ஓட்டச் செலவுக்கு அனுமதி உண்டா, பணம் முன்கூட்டி வருமா, செலவு செய்து ரசீது காட்டிய பிறகு வருமா? பின்னால் வரும் என்றால் நடுவில் மூன்று மாதச் சம்பளத்தை எங்கிருந்து கொடுப்பது என்பதற்குப் பதில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று மாத ஓட்டச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொண்டுதான் முதல் நடையே கிளம்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தனிநபர் நன்கொடை கடைசியில். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பெரிய தொகையை ஒரு முறை கேட்பதைவிட, மாதம் ஒரு சிறு தொகையை மூன்று வருடம் தருவீர்களா என்று கேளுங்கள். ஒரு நடைக்கு எவ்வளவு பற்றாக்குறை என்பது உங்களிடம் எண்ணாக இருக்கிறது. "மாதம் இரண்டு மருத்துவமனை நடைக்கான தொகை" என்று கேட்டால் எதற்குக் கொடுக்கிறோம் என்று அவர்களுக்கும் தெளிவாகத் தெரியும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முற்றிலும் இலவசம் என்பதை முன்பதிவு வண்டியில் நான் பரிந்துரைப்பதில்லை. பதிவு செய்துவிட்டு வராமல் போவது கூடும், அந்த இருக்கை தேவைப்பட்டவருக்குக் கிடைக்காது. மக்கள் இப்போது ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதை ஒட்டிக் கட்டணம் வையுங்கள். கொடுக்க முடியாதவர்களுக்குப் பாஸ் கொடுங்கள். அந்தப் பாஸ் பார்ப்பதற்கு மற்றப் பாஸ் போலவே இருக்க வேண்டும்.

9. இப்போது வண்டி

இங்கே வரும்போது உங்களுக்கு மூன்று எண்கள் தெரியும்: அதிக நெரிசலான நடையில் எத்தனை பேர், வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், தடத்தில் மிகக் குறுகலான இடம் எத்தனை அகலம். வண்டியைத் தேர்ந்தெடுக்க இவை போதும்.

நெரிசல் நாளுக்கென்று பெரிய வண்டி வாங்காதீர்கள். சந்தை நாளில் மட்டும் 20 பேர் வருவார்கள், மற்ற நாள் 8 பேர் என்றால், சின்ன வண்டியை வாங்கிச் சந்தை நாளில் இரண்டு நடை விடுவது மலிவு.

விற்பனையாளரிடம் கேட்கும் முன் பக்கத்துப் பட்டறை மெக்கானிக்கிடம் கேளுங்கள்: எந்த வண்டிக்கு உதிரிபாகம் அன்றைக்கே கிடைக்கும்? ஒரு பாகத்துக்காக இரண்டு வாரம் நிற்கும் நல்ல வண்டியைவிட, அரை நாளில் சரியாகும் சுமாரான வண்டி உங்களுக்கு உதவும். படியின் உயரம், பிடித்து ஏறக் கம்பி, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், தரையில் கட்டும் கொக்கி எல்லாம் வாங்கும்போதே இருக்கட்டும். பின்னால் பொருத்துவது செலவு அதிகம், சில இடங்களில் மறுபடி தகுதிச் சோதனையும் தேவைப்படும்.

முதல் ஆறு மாதத்துக்கு வாடகை வண்டியில் ஓட்டிப் பார்க்க வழி இருந்தால் அதையே செய்யுங்கள். தடமும் நேரமும் கட்டாயம் மாறும், வண்டியின் அளவும் அதோடு மாறலாம்.

10. டிரைவர், பதிவு, தினசரிக் குறிப்பு

டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமத்தோடு அவர் குணத்தையும் பாருங்கள். கீழே இறங்கி ஒரு பாட்டியின் பையை வாங்கி வைப்பதும் அவர் வேலையில் சேர்ந்தது என்று நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். மாற்று டிரைவரும் மாதம் இரண்டு நாளாவது அதே தடத்தில் ஓட்டட்டும். அவசரத்தில் முதல் முறையாக வருபவருக்கு நிறுத்தங்கள் தெரியாது.

பதிவுக்கு ஒரே எண், குறித்த நேரம். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும் என்று ஒரு வரம்பு வையுங்கள், அப்போதுதான் மறுநாள் வரிசையைப் போட முடியும். ஆரம்பத்தில் இதற்குச் செயலி தேவையில்லை, நோட்டுப் புத்தகம் போதும்.

அந்த நோட்டில் ஒவ்வொரு நடைக்கும் ஐந்து விவரம்: கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், மீட்டர் எண், ஏறியவர்கள் எண்ணிக்கை, இடமில்லாமல் மறுக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை. கடைசி விவரத்தை யாரும் எழுதுவதில்லை. அடுத்த வருட மானியத்துக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை

முதல் மாத எண்ணிக்கையை வைத்து எதையும் நிறுத்தாதீர்கள். ஒரு நேரத்தை மக்கள் நம்பித் தங்கள் வேலையை மாற்றிக்கொள்ள மூன்று மாதமாவது ஆகும். ஆறு மாதம் கழிந்தும் ஒரு நடையில் சராசரி இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால், முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள், அடுத்து முன்பதிவு நடையாக மாற்றிப் பாருங்கள், நிறுத்துவது அதற்குப் பிறகு. எந்த அளவுக்குக் கீழே போனால் என்ன செய்வது என்பதைத் தொடங்கும் முன்பே குழுவில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். பின்னால் அந்த நடையில் போகிறவர் யார் என்று தெரிந்த பிறகு முடிவெடுப்பது மிகக் கடினம்.

ஏறியவர்களை மட்டும் கேட்டால் போதாது. முதலில் வந்துகொண்டிருந்து பிறகு நின்றுபோனவர்களின் பெயர்களை நோட்டிலிருந்து எடுத்து, வீட்டுக்கே போய்க் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் திரும்பும் நேரமாகவோ படியின் உயரமாகவோ இருக்கும், இரண்டுமே சரிசெய்யக்கூடியவை.

வரவு செலவை மாதாமாதம் நிறுத்தத்தில் ஒட்டுங்கள்: எத்தனை நடை ஓடியது, எத்தனை ரத்தானது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, கையிருப்பில் எத்தனை மாதச் செலவு இருக்கிறது. கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே குழு கூட வேண்டும், அடுத்த காலாண்டுக் கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது.